கறிவேப்பிலை இல்லாத மீன் குழம்பு

மஸ்டாங் தீவு, டெக்சாஸ்
24 நவம்பர் 2024

அன்புள்ள வசந்தாமணிக்கு,

நலம். நீயும் யாமினியும் மாப்பிள்ளை மதனும் பேத்தி தீக்ஷாவும் நலம் என்று யாமினி சொன்னாள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காகவாவது நீ கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். பேனா பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்பதை இந்தக் கோழிக்கிறுக்கலே சொல்லும்.

வண்டியை இங்கே கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. பிளானோவிலிருந்து ஒன்பது மணி நேரம் ஓட்டினேன். வீட்டு வாசலில் இந்த ஆர்.வி. வீட்டுவண்டி நிற்கக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்து ஹெச்.ஓ.ஏ.காரர்கள் இரண்டாவது நோட்டீசும் ஒட்டிவிட்டார்கள். நீயும் தீபாவளி முடிந்த மூன்றாம் நாளே பிளசன்டனுக்குக் கிளம்பிவிட்டாய். இரண்டு பக்கமும் துரத்தினால் மனிதன் எங்கே போவான்? கடலுக்கு வந்துவிட்டேன்.

உள்ளே எல்லாம் இருக்கிறது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், உட்கார்ந்து சாப்பிட மேஜை. ஜன்னலைத் திறந்தால் மணல்மேடு, அதைத் தாண்டினால் கடல். காலையில் கூழைக்கடாக்கள் வரிசையாகப் பறக்கின்றன. பக்கத்து வண்டியில் மின்னசோட்டாவிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த ஒரு தம்பதி, ராய், கரோல். விடிந்ததும் கரோல் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். ராய் வாசலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறார்.

நானும் தூண்டில் வாங்கினேன். காங்கேயத்துக்காரனுக்கு மாட்டைப் பற்றித் தெரியும், மீனைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைப்பது இங்கே கேட்கிறது. ஆறு நாளில் ஒரு மீன், உள்ளங்கை அகலம். அதையும் கரோல் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விடச் சொல்லிவிட்டாள்.

கறிவேப்பிலைச் செடி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். பக்கத்து வீட்டுக் கதிர் பின்னால் நின்று "வாங்கண்ணா, வாங்க, இன்னும் வாங்க" என்று கையாட்டிக்கொண்டே இருந்தான். இருந்தாலும் ஸ்டியரிங் பிடித்தது நான்.

ஜனவரி கடைசி வரை இந்த இடம் நமக்குத்தான். டிசம்பர் பதினைந்தாம் தேதி டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். கிளம்பி வந்துவிடு. கார்பஸ் கிறிஸ்டி ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன்.

நஞ்சப்பன்


பிளசன்டன், கலிபோர்னியா
30 நவம்பர் 2024

யாமினி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

இரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. 'மனிதன் எங்கே போவான்?' அதுவும் உங்களைப் பற்றி.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். தீபாவளிக்கு வீட்டில் நாற்பது பேர். நான் அடுப்படியில் கடைசி ஈடு வடை எடுத்துக்கொண்டிருந்தேன். "வசந்தா, வெளிய வா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டீர்கள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஜல்லிக்கரண்டியும் கையுமாக ஓடிவந்தேன். வாசலில் பஸ் மாதிரி ஒன்று நிற்கிறது, நெற்றியில் சந்தனம், குங்குமம், சிவப்பு ரிப்பன். எல்லோரும் கை தட்டுகிறார்கள். கதிர் மனைவி "அக்கா, யூ ஆர் ஸோ லக்கி" என்று கட்டிப் பிடிக்கிறாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். பழத்தை நசுக்க எல்லோரும் வண்டியை முன்னால் எடுப்பார்கள். உங்களுக்கு முன்னால் கராஜ் கதவு. அதனால் பின்னால் எடுத்தீர்கள். பின்னால் என் கறிவேப்பிலை.

பன்னிரண்டு வருஷம். ஹூஸ்டனிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த குச்சி அது. ஒவ்வொரு குளிருக்கும் அதைக் கெஸ்ட் பாத்ரூமில் வைத்து விளக்குப் போட்டு, ஏப்ரலில் வெளியே இழுத்து, பிளானோவில் பாதி வீட்டுக்குத் தாளிக்கக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொட்டியை நீங்கள் ஒரு தடவைகூடத் தூக்கி உள்ளே வைத்ததில்லை. அந்த வாரக் கடைசியில்தான் உள்ளே எடுக்கலாம் என்றிருந்தேன். இந்நேரம் குப்பை வண்டி அள்ளிப் போயிருக்கும்.

ஆனால் நான் வந்தது செடிக்காக இல்லை. வண்டி வாங்க ஆறு மாதம் யோசித்திருக்கிறீர்கள். கதிருக்குத் தெரியும். கதிர் மனைவிக்குத் தெரியும். இனிமேல் நான் எங்கே தூங்குவேன், எங்கே சமைப்பேன் என்பது நாற்பது பேரோடு சேர்ந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது டிக்கெட்டும் பார்த்தாகிவிட்டது!

அந்த டிக்கெட்டை விட்டுவிடுங்கள். யாமினிக்கு ஜனவரி கடைசியில் லீவு முடிகிறது. தீக்ஷாவுக்கு ஒரு டேகேரில் இடம் கிடைத்திருக்கிறது. ஜனவரி பத்துக்குள் உறுதி சொல்ல வேண்டும். "அம்மா, நீ இங்கயே இருந்துட்டா, வீ டோன்ட் நீட் டேகேர்" என்கிறாள். கீழே ஒரு அறையை எனக்கென்று ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். குழந்தைக்கு மூன்று வயது ஆகும் வரை. சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

வசந்தாமணி


மஸ்டாங் தீவு
6 டிசம்பர் 2024

அன்புள்ள வசந்தாமணிக்கு,

உன் கடிதத்தை வண்டியில் வைத்துப் படிக்க முடியவில்லை. எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்ப் படித்தேன். அங்கேயும் முடியவில்லை.

எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது, கண்டுகொள்ளாதே. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியிருக்கிறது. வண்டியே ஆடுகிறது, மேஜையும் ஆடுகிறது.

உன்னிடம் சொல்லாமல் வாங்கியது உன்னை ஆச்சரியப்படுத்தத்தான். முப்பத்தோரு வருஷம் ஆபீசே கதி என்று கிடந்தேன். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சர்வர் விழுந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள், ஓடுவேன். ரிடையர் ஆன அன்று அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பார்க்கிங்கில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இனி மிச்சம் இருப்பதை வசந்தாவோடு இருந்துவிட வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். வாயில் வரவில்லை, வண்டியாக வந்துவிட்டது.

யாமினிக்கும் நீ தேவைதான். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மீன் பிடித்தேன். குழம்பு வைத்தேன். மீன் கரைந்து குழம்பில் காணாமல் போய்விட்டது. ராய்க்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். "இன்டரஸ்டிங்" என்றார். செவ்வாய்க்கிழமை பெரிய மீன் ஒன்று, பூனை மாதிரி மீசை வைத்தது, மாட்டியது. அதை விட்டுவிட்டேன்.

குளிர்காற்று நாளை நின்றுவிடும் என்கிறார்கள்.

நஞ்சப்பன்


பிளசன்டன்
12 டிசம்பர் 2024

யாமினி அப்பாவுக்கு,

மேஜை ஆடினால் எழுத்து மேலும் கீழும் ஆடும். இது ஒரே பக்கமாக இடது பக்கம் படுத்திருக்கிறது. 'வசந்தாமணி' என்பதில் 'ம' தலைகீழாக விழுந்து கிடக்கிறது. இது இடது கையால் எழுதிய எழுத்து. வலது கைக்கு என்ன ஆயிற்று?

நீங்கள் சொல்ல மாட்டீர்கள், நானே சொல்கிறேன். மீசை வைத்த மீன் என்றால் கெளுத்தி. கடலிலும் ஆற்றிலும் அது ஒரே சாதிதான். முதுகில் ஒரு முள், செவுள் பக்கம் இரண்டு முள். அதைக் கோழிக்குஞ்சு மாதிரி அள்ளிப் பிடித்திருப்பீர்கள். குத்தியிருக்கும். கை உப்பியிருக்கும். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் ஆறியிருந்தால் சரி. ஆறாமல் சிவந்து, சூடாக இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள், கூகிளிடம் போகாதீர்கள். இனிமேல் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து அதிலேயே கையை ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்திருங்கள். வலி இறங்கிவிடும். கெளுத்தியைக் கையால் தொடவே கூடாது. துணி போட்டு அமுக்கி, குறடால் முள்ளைக் கழற்ற வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பீர்கள். அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. அதனால் இன்று காலை யாமினியை வீடியோவில் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மீன் ஏன் கரைந்தது என்றால், நீங்கள் மீனையும் புளியையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். குழம்பை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போன பிறகு, கடைசியில் மீனைப் போட வேண்டும். போட்டபின் கரண்டி போடக் கூடாது. சட்டியைத்தான் பிடித்துச் சுற்ற வேண்டும். ஏழெட்டு நிமிஷம் போதும். சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் அங்கே விற்கும் ஷாலட் போடுங்கள். கறிவேப்பிலை இல்லாமல் வையுங்கள். அதுதான் உங்களுக்குத் தண்டனை.

தீக்ஷா குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாள். பின்னால்தான் போகிறாள். உங்கள் பேத்தி.

வசந்தாமணி


மஸ்டாங் தீவு
18 டிசம்பர் 2024

அன்புள்ள வசந்தாவுக்கு,

இது வலது கை. பார், 'ம' எழுந்து நிற்கிறது.

யாமினி வீடியோவில் கையைக் காட்டச் சொன்னாள். நான் இடது கையைக் காட்டினேன். "அதர் ஹேண்ட், அப்பா" என்றாள். காட்டினேன். முழங்கை வரைக்கும் வீங்கி வடிந்திருந்தது. நீ பின்னால் நின்றுகொண்டிருந்தாய், சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. யாமினி திட்டித் தீர்த்தாள். நீ பேசியிருந்தால் வலி இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நீ சொன்னது அத்தனையும் சரி. கோழிக்குஞ்சு மாதிரிதான் அள்ளினேன். அன்றைக்குக் கரோல்தான் ஓடிவந்து வாளியில் வெந்நீர் வைத்துக் கையை அமுக்கினாள். ஒரு மணி நேரம், நீ எழுதிய மாதிரியே. உன் கடிதத்தை மொழிபெயர்த்து அவளிடம் படித்துக் காட்டினேன். "யுவர் வைஃப் ஃபிஷஸ்?" என்று கேட்டாள். "நோ, நோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன்.

வசந்தா, நம் வீட்டு அடுப்பில் ஒருநாளும் மீன் ஏறியதில்லை. நீ ஆற்றங்கரையில் நின்றுகூட நான் பார்த்ததில்லை. கெளுத்தி முள் மூன்று என்று உனக்கு எப்படித் தெரியும்?

குழம்பை நீ சொன்னபடி வைத்தேன். சட்டியைச் சுற்றினேன். மீன் முழுசாக நின்றது. ராய் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், இந்தத் தடவை 'இன்டரஸ்டிங்' சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஒரு குறை தெரிந்தது. தண்டனை சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

நஞ்சப்பன்


பிளசன்டன்
24 டிசம்பர் 2024

மாமா,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

எங்கள் அப்பா பவானிசாகர் அணையில் ஓவர்சியர் என்பது உங்களுக்குத் தெரியும். குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலேயே வாய்க்கால். ஏழு வயதிலிருந்து நான் தூண்டில் போடுவேன். மூங்கில் குச்சி, நைலான் நூல், எருக்குழியில் தோண்டிய மண்புழு. ஜிலேபி, கெண்டை, கெளுத்தி. பள்ளிக்கூடம் விட்டதும் பையை மதகு மேல் வைத்துவிட்டு உட்காருவேன். பையன்கள் எல்லாம் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் மாட்டாது. நான் பேச மாட்டேன். அந்த ஊரில் என்னைவிட நன்றாக மீன் பிடிக்கிறவர்கள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை.

பதின்மூன்று வயதில் பெரிய மனுஷி ஆனேன். சீர் எல்லாம் முடிந்த மறுநாள் அம்மா என் மூங்கில் குச்சியை முறித்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். "இனி வாய்க்கா மேட்டுக்குப் போனீன்னா காலை முறிச்சுப் போடுவேன்" என்றாள். போகவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரம், காங்கேயத்தில் வாசலில் மீன்காரன் கூவினான். நான் எட்டிப் பார்த்தேன். உங்கள் அம்மா "மீன் கவுச்சி நம்ம வூட்டுக்கு ஆவாது கண்ணு" என்றார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது. அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எப்படிச் சொல்வது?

ஒரு காலத்தில் நீங்கள் கேட்பீர்கள். கல்யாணம் முடிந்து நீங்கள் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டீர்கள், எனக்கு விசா வர ஒன்பது மாதம். வாரம் ஒரு ஏரோகிராம் வரும். ஒவ்வொன்றிலும் பத்துக் கேள்வி இருக்கும். என்ன படிக்கிறாய், இட்லி பிடிக்குமா தோசையா, மழை பெய்ததா, இருட்டு என்றால் பயமா. இங்கே பனி, பூட்ஸ் வாங்க வேண்டும், உன் பாத அளவு என்ன என்று ஒருமுறை கேட்டிருந்தீர்கள். எனக்கு அமெரிக்க அளவு தெரியவில்லை. நீல ஏரோகிராமை விரித்துத் தரையில் வைத்து, அதன் மேல் காலை வைத்துப் பென்சிலால் வரைந்து, பாதத்துக்குள்ளேயே கடிதத்தை எழுதி அனுப்பினேன்.

நான் வந்து சேர்ந்தேன். மான்மவுத் ஜங்ஷன் அபார்ட்மென்ட் வாசலில் அந்த பூட்ஸ் இருந்தது, சரியாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு கேள்விகள் நின்றுவிட்டன. பக்கத்திலேயே இருக்கிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லைதான். பார்க்கிங்கில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு இப்போதுதான் தெரியும். அன்றைக்கு வந்ததும் "சாப்பாடு எடுத்து வெக்கட்டுங்களா" என்று மட்டும்தான் கேட்டேன்.

யாமினி தினமும் டேகேர் பற்றிக் கேட்கிறாள். பதில் சொல்லவில்லை இன்னும்.

கையில் தழும்பு இருக்கிறதா?

வசந்தா


மஸ்டாங் தீவு
30 டிசம்பர் 2024

அன்புள்ள வசந்தாவுக்கு,

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறது. வலி இல்லை.

அந்த ஏரோகிராமை நான் செருப்புக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பாதத்தைச் சுற்றிக் கத்தரியால் வெட்டி, ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் நுழைத்துப் பார்த்தேன். கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். வெட்டியதால் உன் கடிதத்தில் ஓரத்து வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. அதை உன்னிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதோ, சொல்லிவிட்டேன்.

நேற்றும் ஒரு கடைக்காரி சிரித்தாள். இங்கே மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். உனக்கும் ஒன்று எடுக்கலாம் என்று இரை விற்கும் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே உன் பெயர் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். உயரம் கேட்டாள். வசந்தா, எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம். என் தோளில் கையை வைத்து, "இது வரைக்கும்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "கண் நிறம்?" என்றாள். கறுப்பு என்றேன். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அப்புறம் தோன்றியது, நீ சரி என்று சொல்வதற்கு முன்னாலேயே உனக்கு லைசென்ஸ் எடுக்கப் போயிருக்கிறேன். மறுபடியும் அதே தப்பு. நல்லவேளை, உன் உயரம் என்னைத் தடுத்தது.

அதனால் கேட்கிறேன். பத்துக் கேள்வி வருகிறதா என்று எண்ணிப் பார்க்காதே, வரும்போது வரட்டும்.

உன் உயரம் என்ன? கண் நிறம் கறுப்புத்தானா? பவானிசாகரில் நீ பிடித்ததிலேயே பெரிய மீன் எது? அம்மா குச்சியை எரித்த அன்றைக்கு அழுதாயா? பிளானோ வீடு உனக்குப் பிடித்திருக்கிறதா, இல்லை எனக்காக இருந்தாயா? குழந்தையோடு இருப்பது சந்தோஷமா, களைப்பா? கட்டிலில் ஜன்னல் பக்கம் உனக்கு வேண்டுமா? இந்த வண்டியைப் பார்த்ததும் உனக்கு முதலில் என்ன தோன்றியது, கோபம் வருவதற்கு முன்னால்?

நீ பிளசன்டனில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் நான் வண்டியை விற்றுவிட்டு அங்கே வருகிறேன். வீம்புக்குச் சொல்லவில்லை. ராயிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாவது தீக்ஷாவைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நீ இங்கே வருவதாக இருந்தாலும் சரி. இரண்டில் எது என்று நான் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ கிளம்பிய அன்று உடைந்த தொட்டியைக் குப்பையில் போடவில்லை. வேரோடு ஒரு ஜாண் குச்சி மிஞ்சியிருந்தது. பெயின்ட் வாளியில் மண் போட்டு வைத்து, இங்கே கொண்டுவந்துவிட்டேன். வண்டியின் குளியலறையில்தான் இருக்கிறது, விளக்குப் போட்டு. நான் இந்த வண்டிகள் நிற்கும் பார்க்கின் பொதுக் குளியலறைக்குப் போய்வருகிறேன். துளிர் விட்டதும் படம் எடுத்து அனுப்பலாம் என்றுதான் காத்திருந்தேன். இரண்டு மாதம் ஆகிறது. ஒரு துளிர் இல்லை. வெறும் குச்சிதான் நிற்கிறது. செத்துவிட்டதோ என்னவோ. இருந்தாலும் நல்ல சேதி வரும்வரை மறைத்து வைக்கிற பழக்கத்தை நிறுத்தலாம் என்று எழுதிவிட்டேன்.

கடைசிக் கேள்வி. வருவாயா?

உன்
நஞ்சப்பன்


பிளசன்டன்
5 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கராஜில் போய் நின்றேன். யாமினி வந்து "அம்மா, ஆர் யூ க்ரையிங்?" என்றாள். வெங்காயம் என்றேன். கராஜில் ஏது வெங்காயம்?

எண்ணாதே என்றீர்கள். எண்ணினேன்.

உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். யாமினி டேப் வைத்து அளந்து சொன்னாள். கண் கறுப்புத்தான், ஆனால் இந்த நாட்டு ஃபார்மில் கறுப்பு என்று இருக்காது, பிரவுன் என்று போடச் சொல்லுங்கள். பெரிய மீன் ஒரு கட்லா, மூன்று கிலோ, இழுத்து என்னை வாய்க்காலிலேயே தள்ளிவிட்டது, நான் நூலை விடவில்லை. குச்சி எரிந்த அன்று அழவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அதை யாரும் கவனிக்கவில்லை. பிளானோ வீடு பிடிக்கும். ஆனால் அதைவிட அதன் வாசல் பிடிக்கும், செடி வைத்ததால். குழந்தையோடு இருப்பது சந்தோஷம், களைப்பு இரண்டும்தான். முட்டி வலிக்கிறது. யாமினியிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

வண்டியைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். அதைக் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜல்லிக்கரண்டியோடு வெளியே வந்து பார்த்தபோது, ஒரு நொடி, 'இதில் ஏறித் தண்ணீர் இருக்கிற இடமாகப் போகலாம்' என்று தோன்றியது. சத்தியமாக. அதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். எனக்கு வந்த ஆசையை நான் சொல்வதற்கு முன்னாலேயே யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கோபம் அதனால்தான்.

நேற்று யாமினியிடம் பேசினேன். டேகேர் இடத்தை விட வேண்டாம், உறுதி சொல்லிவிடு என்றேன். முகம் வாடிவிட்டது. "வேர் ஆர் யூ கோயிங், அம்மா?" என்றாள். மீன் பிடிக்கப் போகிறேன் என்றேன். "ஆர் யூ சீரியஸ்?" என்று மதனைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில், "அப்பா ஒழுங்கா பார்த்துக்குவாராம்மா?" என்றாள். நான்தான் அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், அவருக்குக் கெளுத்தியைக்கூடப் பிடிக்கத் தெரியவில்லை என்றேன். ஜனவரிக் கடைசி வரை அங்கே உங்களோடு இருப்பேன். தீக்ஷா முதல் பிறந்தநாளுக்கு இரண்டு பேரும் இங்கே வருவோம். அதற்குப் பிறகு எங்கே என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். நாற்பது பேரைக் கூட்ட வேண்டாம்.

போகியன்று, பதின்மூன்றாம் தேதி, மாலை நான்கே முக்காலுக்கு கார்பஸ் கிறிஸ்டியில் இறங்குகிறேன். டிக்கெட் நானே எடுத்துவிட்டேன். லைசென்ஸும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கடைக்காரியைப் பார்க்க வேண்டும். மறுநாள் பொங்கல் வைக்கப் பச்சரிசியும் வெல்லமும் கொண்டுவருகிறேன். பானை இருக்கிறதா பாருங்கள். எனக்குத் தூண்டில் வாங்க வேண்டாம், கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஜன்னல் பக்கம் எனக்கு.

நான் மீன் பிடிப்பேனா என்று கேட்டாளே, அந்தக் கரோலிடம் சொல்லுங்கள், பதில் "யெஸ்" என்று.

கறிவேப்பிலை குளிர்காலத்தில் துளிர்க்காது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால், உள்ளே பச்சை தெரிகிறதா இல்லையா என்பதில் தெரிந்துவிடும். நீங்கள் கீறிப் பார்க்காதீர்கள். தண்ணீர் கொஞ்சமாக ஊற்றி, விளக்கை மட்டும் போட்டு வையுங்கள்.

நான் வந்து பார்க்கிறேன்.

உங்கள்
வசந்தா